துறைத் தலைவர் திருப்பி வைத்த எழுபத்திரண்டு படங்கள்

பிற்பகல் இரண்டு மணி இருபது நிமிடம். முதலில் தெரிந்தது துறைத் தலைவரின் முதுகு. கல்லூரி அரங்கத்துக்குப் பின்னால் நாற்காலிகள் அடுக்கி வைக்கும் சிறிய அறையில், ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். வெள்ளை முழுக்கைச் சட்டையின் நடுமுதுகில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வியர்வை வட்டம். எதிரே மேசையில் ஸ்லைடு புரொஜெக்டரின் வட்டத் தட்டு. அதிலிருந்து ஒரு ஸ்லைடை எடுத்தார், வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பார்த்தார், நாக்கைத் தட்டி "ச்சு" என்றார், தலைகீழாகத் திருப்பி அதே பள்ளத்தில் செருகினார். அடுத்ததை எடுத்தார். அதற்கும் "ச்சு".

அந்தக் கருவியைப் பார்க்காதவர்களுக்காக ஒன்று சொல்லியாக வேண்டும். ஸ்லைடு என்பது அட்டைச் சட்டத்துக்குள் பொருத்திய ஒரு துண்டு வண்ணப் படச்சுருள். லென்ஸ் படத்தைக் கவிழ்த்துத்தான் திரையில் போடும். ஆகவே ஸ்லைடைத் தட்டில் தலைகீழாகத்தான் செருக வேண்டும். அப்போதுதான் திரையில் நேராக வரும். ஒரே ஒரு முறை தன் கையால் ஸ்லைடு போட்டுப் பார்த்தவருக்குக்கூட இது தெரிந்திருக்கும். துறைத் தலைவர் போட்டுப் பார்த்ததில்லை. நான் முதல் நாள் சரிபார்த்து அடுக்கிய எழுபத்திரண்டு படங்களையும் அவர் ஒவ்வொன்றாக "நேராக்கி"க் கொண்டிருந்தார். "ஒரு வேலை உருப்படியாச் செய்யுதா பாரு. எல்லாத்தையும் தலைகீழாச் சொருகி வச்சிருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது கதவிடுக்கு வழியாகத் தெளிவாகக் கேட்டது. நான் பார்க்கத் தொடங்கியபோது பத்தொன்பதாவது பள்ளத்தில் இருந்தார். முப்பத்தொன்று வரை நின்று பார்த்தேன். பிறகு போய்த் தண்ணீர் குடித்தேன்.

துறைத் தலைவருக்கு இந்த ஆண்டு எண்பது வயது. பழைய மாணவர்கள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்கள். "ஐயாவுடனான இனிய நினைவுகளை இரண்டு பக்கத்துக்கு மிகாமல்" எழுதித் தரும்படி எனக்கும் கடிதம் வந்தது. "காட்சி ஊடகத்தை எங்களுக்குக் கைப்பிடித்துக் கற்றுத் தந்தவர்" என்று ஒரு வரி அதில் இருந்தது. வாழ்நாளில் பெரும்பகுதியைச் செய்தித்தாள் மேசையில் அடுத்தவர் எழுத்தைத் திருத்திக் கழித்தவள் நான். அந்த வரியை இரண்டு முறை படித்தேன். பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். இரண்டு பக்கத்தில் அடங்கவில்லை.

எண்பதுகளின் கடைசி வருடங்கள். வேலப்பன்சாவடியில் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளிப் புதிதாக எழும்பியிருந்த கல்லூரி அது. முன்பக்கம் மூன்று மாடி, பின்பக்கம் கருவேலங்காடு. இதழியல் பட்டயப் படிப்பில் பதினெட்டுப் பேர் இருந்தோம். துறைத் தலைவர் தமிழ் இலக்கியம் படித்தவர். மேடைகளில் நன்றாகப் பேசுவார் என்பதை நான் மறுக்கவில்லை. புதிதாக ஒரு துறை தொடங்கியபோது அதன் தலைமை அவரிடம் வந்து சேர்ந்தது. கூடவே ஒரு ஸ்லைடு புரொஜெக்டரும் வந்தது. அதை அட்டைப் பெட்டியோடு தன் அறை பீரோவில் வைத்துப் பூட்டினார். கேட்டால் கையெழுத்து வாங்கிக்கொண்டு தருவார். பெட்டியைத் தன் கையால் திறந்ததில்லை. அவர் அடிக்கடி சொல்லும் வாசகம் ஒன்று உண்டு. மாணவர்கள் ஒரு கட்டுரையோ சுவரொட்டியோ நல்லபடியாகச் செய்து கொண்டுபோய்க் காட்டினால், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு, "பிரமாதம். இது என் பேர்ல போகட்டும்மா. அப்பத்தான் எடுபடும்" என்பார். கல்லூரி ஆண்டு மலரில் அந்த வருடம் அவர் பெயரில் வந்த நான்கு கட்டுரைகளில் இரண்டு என்னுடையவை. அப்போது எனக்கு அதில் கோபம்கூட வரவில்லை. அப்படித்தான் நடக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசிப் பருவத்தில் ஒலி-ஒளித் தொகுப்பு ஒன்று செய்ய வேண்டும். ஸ்லைடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் வர, ஒலிநாடாவில் அதற்கான பேச்சும் இசையும் ஓட வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து செய்யலாம். என்னோடு சேர்ந்தவன் பூந்தமல்லி பஸ் நிலையத்துக்கு எதிரே புகைப்பட ஸ்டூடியோ வைத்திருந்தவரின் மகன். எங்கள் இரண்டு பேருக்கும் இப்படி ஒன்றை முழுதாகப் பார்த்த அனுபவம் கிடையாது. முழுத்தாளை நெடுக்காக மடித்து, இடது பக்கம் படம், வலது பக்கம் பேச்சு என்று எழுதத் தொடங்கினோம். அது சரிப்படவில்லை, ஒரு படத்தை இடம் மாற்றினால் எல்லாவற்றையும் அடித்து எழுத வேண்டியிருந்தது. ஸ்டூடியோக்காரன்தான் வழி கண்டுபிடித்தான். அவன் அப்பாவிடம் பழைய கல்யாணப் பத்திரிகை மாதிரிகள் ஒரு கட்டு கிடந்தன. ஒரு பத்திரிகையின் பின்பக்கம் ஒரு படம் என்று கோட்டுச் சித்திரமாக வரைந்து, ஸ்டூடியோவின் தரையில் வரிசையாகப் பரப்பினோம். வேண்டும்போது தூக்கி இடம் மாற்றலாம். "மணமக்கள வாழ்த்திட்டு அடுத்த வரிசைக்கு வாம்மா" என்று கிண்டல் செய்துகொண்டே முழங்காலிட்டு நகர்வான். மூன்று வாரம் அந்தத் தரையில் கழிந்தது. என் வாழ்க்கையில் ஒரு வேலையை அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன் செய்ததில்லை.

பொருள் என்னுடையது. பெரியம்மாவின் மகள், என்னைவிட எட்டு வயது மூத்தவள், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறையில் பவர் பிரஸ்ஸில் வேலை பார்த்தாள். தகரத்தை உள்ளே வைத்து மிதியை மிதித்தால் மேலிருந்து அச்சு இறங்கி வெட்டும். கை உள்ளே போகாதபடி முன்னால் ஒரு கம்பிக் கூண்டு இருக்க வேண்டும், கார்டு என்பார்கள். முந்தைய தீபாவளிக்கு முன்பு அக்காவின் வலது கையில் சுட்டுவிரலும் நடுவிரலும் போயின. பட்டறையின் விபத்துப் பதிவேட்டில் காரணம் என்ற இடத்தில் "சொந்தக் கவனக்குறைவு" என்று எழுதினார்கள். காயம் ஆறிய பிறகும் வேலைக்கு வரச்சொல்லி ஆள் வரவில்லை. அக்கா அழுது நான் பார்க்கவில்லை. ஆனால் அந்த இரண்டு சொற்களை அவளால் விழுங்க முடியவில்லை.

"கவனமில்லாம கைய வுட்டுட்டாளாம். எட்டு வருசமா அதே மெசின்லதான் குந்திகினு இருந்தேன். கவனம் இல்லாதவளுக்கு எட்டு வருசம் வெரல் இருந்துகினு இருக்குமா, நீயே சொல்லு."

கூண்டு எங்கே போனது என்று கேட்டேன். "கார்டு இருந்தா கை உள்ள போவாது. பீசும் வெரசா வராது. அதான் ஓனரு கழட்டி மூலைல சாத்திட்டாரு. இத்த யாரு எழுதுறா?" என்றாள். நான் எழுதுகிறேன் என்றேன். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்: அவளுக்குக் கவனம் இல்லை என்று எழுதிய பதிவேட்டைத் திறந்து பார்க்கும் அதிகாரம் உள்ள ஒருவர், கூண்டு கழற்றப்பட்டது என்பதை அவள் வாயால் கேட்க வேண்டும்.

எங்கள் வீடு அண்ணனூரில், தண்டவாளத்துக்கு ஒரு தெரு தள்ளி. ஒலிப்பதிவை அங்கேதான் செய்தோம். இரண்டு ரயிலுக்கு நடுவே கிடைக்கும் நேரம் ஏழு நிமிடம், சில சமயம் ஒன்பது. ஜன்னலில் மெத்தையைக் கட்டித் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, ரயில் போனதும் அக்கா பேசுவாள். அடுத்த ரயில் வரும் அதிர்வு தரையில் தெரிந்ததும் நிறுத்துவோம். ஸ்லைடை எப்போது மாற்ற வேண்டும் என்று கருவியை இயக்குபவருக்குத் தெரிய ஒலிநாடாவில் ஒரு சைகை வேண்டும். எங்களிடம் இருந்தது எவர்சில்வர் டம்ளரும் கரண்டியும். படம் மாற வேண்டிய இடத்தில் ஸ்டூடியோக்காரன் ஒரு தட்டு தட்டுவான்.

"இன்னாடா நைனா இது, நான் ஒரு வார்த்த பேசுறதுக்குள்ள சாமிக்கு மணி அடிச்சிகினு கீற?" என்றாள் அக்கா.

"நீ பேசுக்கா. உனக்குக் கற்பூரம் காட்டுறது மட்டும்தான் பாக்கி" என்றான் அவன்.

அந்தச் சிரிப்பும் நாடாவில் பதிந்துவிட்டது. வெட்டாமல் விட்டோம்.

படங்கள் எடுக்க அவன் மட்டும் பட்டறைக்குப் போனான். காலண்டருக்குப் படம் எடுக்கிறோம் என்று சொல்லி உள்ளே நுழைந்து, ஒரு மணி நேரத்தில் ஒரு சுருளை முடித்துக்கொண்டு வந்தான். அதில் நாற்பத்தேழாவதாக நாங்கள் வரிசைப்படுத்திய படம்தான் எல்லாவற்றையும் சொல்வது. முன்னால் கூண்டில்லாத பிரஸ். பின்னால் மூலையில் கழற்றிய கூண்டு சுவரில் சாய்ந்திருக்கிறது. அதன் கம்பியில் யாரோ தன் சாப்பாட்டுப் பையை மாட்டியிருக்கிறார்கள். எந்தப் பக்கம் மேல் என்பது இருட்டில் தெரிவதற்காக ஒவ்வொரு ஸ்லைடின் மூலையிலும் அக்காவின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டினேன். அட்டை அட்டையாக வாங்கி வைத்திருந்தாள். எழுபத்திரண்டு பொட்டு எடுத்துக்கொண்டேன்.

துறைத் தலைவர் படங்களைப் பார்க்கவில்லை. ஒலிநாடாவை மட்டும் தன் அறையில் போட்டுக் கேட்டார். அந்த மாதம் கல்லூரியில் தொழில் பாதுகாப்பு பற்றி ஒரு விழா வைத்திருந்தார்கள். தலைமை விருந்தினர் தொழிற்சாலை ஆய்வாளர் ஒருவர். தொழிற்பேட்டையிலிருந்து பட்டறை உரிமையாளர்களும் வருவதாக இருந்தது. எங்கள் தொகுப்பைத்தான் காட்டப்போகிறார்கள் என்றதும் நான் பெரியம்மா வீட்டுக்கு ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். ஆய்வாளரா, நிஜமாகவா என்று மூன்று முறை கேட்டாள். மறுநாள் துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க. ஆனா கீது, கீறேன்னு பேசற குரலை விருந்தினர் முன்னால போட முடியாதும்மா. இதெல்லாம் மேடைக்கு ஆகாது. நான் பேசிடறேன்" என்றார்.

அது அக்காவுடைய குரல் சார், விரல் போனது அவளுக்கு என்றேன்.

"அதனால என்ன? அந்தப் பொண்ணை வரச் சொல்லு. கடைசியில மேடையில நிறுத்தி ஒரு சால்வை போட்டுடலாம். நல்லாயிருக்கும்."

ஒலிநாடாவை அவர் மேசையிழுப்பில் போட்டுப் பூட்டினார். பூட்டியது பிரதி, மூலம் என்னிடம்தான் இருந்தது. அவர் கேட்கவும் இல்லை. இரண்டு நாளில் புதிய நாடா தயாராகிவிட்டது. டம்ளர் ஓசையை மட்டும் எங்கள் இடங்களிலேயே வைத்துக்கொண்டு, மற்றபடி முழுவதும் அவர் குரல். பதிவு செய்து கொடுத்தவன் ஸ்டூடியோக்காரன். மதிப்பெண் அவர் கையில் இருந்தது. என்னைப் பார்த்தபோது தலையைக் குனிந்துகொண்டு, "இன்னாம்மா பண்றது, அந்தாள எதுத்துகினு நான் எங்க போவேன்?" என்றான். அவர் எழுதிய வசனத்தை அவனிடம் வாங்கிப் படித்தேன். "கவனமின்மையே விபத்துகளின் தாய்" என்று தொடங்கியது. நாற்பத்தேழாவது படத்துக்கு நேரே, "பாதுகாப்புச் சாதனங்களை நிர்வாகம் எப்போதும் அருகிலேயே வைத்திருக்கிறது" என்று இருந்தது. அந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே எழுதியிருந்தார். அந்தப் பட்டறையின் உரிமையாளர்தான் அரங்கத்துக்கு நாற்காலிகள் வாங்கிக் கொடுத்தவர் என்பதும் அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நாற்காலிகளின் முதுகில் அவர் பெயர் எழுதியிருந்தது. ஒரு வருடம் அவற்றில் உட்கார்ந்திருந்தும் நான் அதைப் பட்டறையோடு பொருத்திப் பார்த்திருக்கவில்லை. முதல் ஸ்லைடும் மாறியிருந்தது. எங்கள் இரண்டு பெயரும் இருந்த இடத்தில் "ஆக்கம், எழுத்து, குரல்" என்று போட்டு அவர் பெயர்.

அந்தப் பெயர் ஸ்லைடைச் செருகத்தான் விழா நாளன்று நாற்காலி அறைக்கு வந்திருக்கிறார். வந்த இடத்தில் மற்றவை தலைகீழாக இருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார்.

இரண்டு இருபதுக்குப் பார்த்தேன். நிகழ்ச்சி நான்கு மணிக்கு. இடையே ஒரு மணி நாற்பது நிமிடம் இருந்தது. கதவைத் தள்ளி, சார், அவை அப்படித்தான் இருக்க வேண்டும் என்று சொல்ல மூன்று நொடி போதும். நான் சொல்லவில்லை. மறந்துவிடவில்லை, பயப்படவும் இல்லை. தண்ணீர்க் குழாயடியில் நின்று நிதானமாகக் கணக்குப் போட்டேன். முதல் ஸ்லைடிலேயே அவர் பெயர் கவிழ்ந்து வரும். அவர் தட்டைத் திருத்தச் சொல்ல இந்தக் கல்லூரியில் இரண்டு பேர்தான் உண்டு. ஸ்டூடியோக்காரன் பதறினால் கை ஓடாத ஆள். என்னைத்தான் கூப்பிடுவார். அப்போது கருவியும் ஒலிநாடாப் பெட்டியும் என் கைக்கு வரும். மூல நாடாவைப் பையிலிருந்து எடுத்துத் தாவணி மடிப்பில் செருகிக்கொண்டேன். அன்று காலையிலிருந்து சாப்பிடாதவளுக்குப் பசிக்கத் தொடங்கியது. கேன்டீனில் இரண்டு வடை சாப்பிட்டேன்.

அக்கா மூன்றரைக்கு வந்தாள். கல்யாணத்துக்குக் கட்டும் ஊதாப் பட்டு. வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். நான்காவது வரிசையில் உட்கார வைத்தேன். "என் கொரலு நல்லாக் கேக்குமா?" என்றாள். குரலை எடுத்துவிட்டார்கள் என்று அவளிடம் நான் அதுவரை சொல்லியிருக்கவில்லை. கேட்கும் என்றேன்.

நான்கு மணி பத்து நிமிடத்துக்கு விளக்கை அணைத்தார்கள். டம்ளர் ஒலித்தது. துறைத் தலைவரின் பெயர் திரையில் தலைகீழாகத் தொங்கியது. அரங்கில் ஒரு முணுமுணுப்பு. இரண்டாவது டம்ளர், தொழிற்பேட்டைச் சாலை, லாரிகள் வானத்தில் சக்கரத்தை வைத்துக்கொண்டு ஓடின. பின்வரிசைகளில் சிரிப்பு வெடித்தது. அவருடைய கனத்த குரல் நாடாவில் விடாமல் பேசிக்கொண்டிருந்தது. நான் சுவரோரம் நின்று முன்வரிசையில் அவர் பின்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது இடமும் வலமும் அசைந்ததைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்டது மகிழ்ச்சி. வேறு சொல் போட்டு அதை மறைக்க விரும்பவில்லை.

மூன்றாவது டம்ளர். அக்காவின் கை. உள்ளங்கையை விரித்து நிமிர்த்திக் காட்டும் படம். திரை முழுக்க, மேலிருந்து கீழாக, இரண்டு விரல் இல்லாமல் அது தொங்கியது.

"மச்சான், வௌவாலு தொங்குது பார்றா" என்றான் ஒருவன். அரங்கம் முழுவதும் சிரித்தது.

தட்டில் எத்தனையாவது பள்ளத்தில் எந்தப் படம் என்று எனக்கு மனப்பாடமாகத் தெரியும். மூன்றாவது எது என்பதும் தெரியும். குழாயடியில் நின்று போட்ட கணக்கில் அது மட்டும் வரவில்லை. நான்காவது வரிசைப் பக்கம் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"நிறுத்துடா" என்று துறைத் தலைவர் எழுந்து ஓடி வந்தார். ஸ்டூடியோக்காரன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான். "சார், நீங்கதான சார், 'நான் சரிபாத்துட்டேன், தட்டத் தொடாத'ன்னீங்க" என்றான். அது முன்வரிசை வரைக்கும் கேட்டது. துறைத் தலைவர் ஒலிபெருக்கியில் சிறு இயந்திரக் கோளாறு என்று அறிவித்தார். விருந்தினர்களுக்குக் காபி கொண்டுவரச் சொன்னார். பிறகு என்னிடம் வந்து, ஒரு வருடத்தில் முதல் முறையாகத் தணிந்த குரலில், "ஏம்மா, நீ கொஞ்சம் பாரேன்" என்றார்.

"எல்லாத்தையும் திருப்பணும் சார். பத்து நிமிஷம் ஆகும்" என்றேன்.

"எப்படியாவது பண்ணு."

பொட்டுகள் வேலையை எளிதாக்கின. எல்லாப் பொட்டும் வெளிப்பக்கம் வலது மூலைக்கு வர வேண்டும், அவ்வளவுதான். பதினொரு நிமிடத்தில் எழுபத்தொன்றைத் திருப்பினேன். அவர் பெயர் இருந்ததை எடுத்துத் தரையில் வைத்தேன். அந்தப் பள்ளம் காலியாகவே இருக்கட்டும் என்று விட்டேன். ஒலிநாடாவை மாற்றினேன். ஸ்டூடியோக்காரன் பார்த்தான். கருவியின் பொத்தானில் விரலை வைத்தான்.

துறைத் தலைவர் ஆய்வாளருக்கும் பட்டறை உரிமையாளருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். விளக்கு அணைந்தது. திரையில் வெறும் வெளிச்சச் சதுரம். டம்ளர். பிறகு அக்காவின் குரல்: "நான் பட்டரவாக்கத்துல எறங்கி நடந்து போவேன். எட்டு வருசமா அதே மெசினு." துறைத் தலைவர் திரும்பி இருட்டில் என்னைத் தேடினார். எழுந்து வர முடியவில்லை. ஆய்வாளர் அவர் பக்கம் சாய்ந்து ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். சாமிக்கு மணி அடிக்கும் இடத்தில் மறுபடி சிரிப்பு எழுந்தது. அது வேறு சிரிப்பு. நாற்பத்தேழாவது படம் வந்தபோது ஆய்வாளர் கையை உயர்த்தினார்.

"அந்தப் படம் அப்படியே இருக்கட்டும்."

டம்ளர் ஒலித்துக்கொண்டே போயிற்று, படம் மாறவில்லை. அவர் எழுந்து திரைக்கு அருகே போனார். அவர் நிழல் பிரஸ்ஸின் மேல் விழுந்தது. "மூலையில அது என்ன?" என்றார், யாரையும் குறிப்பாகக் கேட்காமல். உரிமையாளர் துறைத் தலைவரைப் பார்த்தார். துறைத் தலைவர் தன் கைக்குட்டையைப் பார்த்தார்.

நான்காவது வரிசையில் அக்கா எழுந்து நின்றாள். கை முந்தானைக்கு வெளியே வந்திருந்தது. "அதான் சார் கார்டு. சோத்துப் பைய மாட்டி வச்சிகிறாங்க பாருங்க, அதான். அது மெசின்ல இருந்திச்சின்னா, இது என் கைல இருந்திருக்கும்."

ஆய்வாளர் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய குறிப்பேட்டை எடுத்தார். பட்டறையின் பெயரைக் கேட்டு எழுதினார். அக்காவின் பெயரையும் கேட்டு எழுதினார். அன்று யாருக்கும் சால்வை போடவில்லை.

திரும்பும்போது பூந்தமல்லியில் ஆவடி பஸ் ஏறினோம். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சந்தோஷமாக இருப்பாள் என்று நினைத்து, கதவிடுக்கில் பார்த்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். எப்படிப் பழி வாங்கினேன் பார்த்தாயா என்ற தோரணையில்தான் சொன்னேன். சென்னீர்குப்பத்தில் பஸ் நின்று கிளம்பியது. பிறகு கேட்டாள்:

"அப்ப, தலகீழா வரும்னு உனக்கு முன்னமே தெரியும்?"

தெரியும் என்றேன்.

"வௌவாலுன்னானுங்களே, அதுவும் தெரியுமா? உன் ஆத்திரத்துக்கு என் கைதாண்டி கெடச்சிதா?"

பருத்திப்பட்டு ஏரி வந்தது, போயிற்று. ஆவடியில் இறங்கியபோது அவள் முன்னால் நடந்தாள். அடுத்த பொங்கல் வரை என்னிடம் பேசவில்லை. அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டேன், பல முறை. துறைத் தலைவரிடம் கேட்க வேண்டும் என்று எனக்கு இன்றுவரை தோன்றியதில்லை.

அவரும் சும்மா இருக்கவில்லை. ஒரே தொகுப்புக்கு ஸ்டூடியோக்காரனுக்குத் தேர்ச்சி, எனக்குத் தோல்வி. ஒழுங்கீனம் என்று காரணம் எழுதினார். பட்டயம் இல்லாமல் வெளியே வந்து, ஒரு செய்தித்தாளில் பிழை திருத்துபவளாகச் சேர்ந்து, தொண்ணூறுகளின் நடுவில் உதவி ஆசிரியர் மேசைக்கு வந்தேன். புறநகர்ச் செய்திகள் என் பொறுப்பு. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லியில் நடக்கும் விழாக்களின் குறிப்புகள் என்னிடம்தான் வரும். துறைத் தலைவர் பேசாத விழா இல்லை. சிறப்புரை ஆற்றினார், பரிசு வழங்கினார், குத்துவிளக்கு ஏற்றினார். ஒவ்வொரு குறிப்பையும் கவனமாகப் படிப்பேன். தலைமை தாங்கியவர் பெயரை விட்டுவைப்பேன், வரவேற்றவர் பெயரை விட்டுவைப்பேன், நன்றி சொன்னவர் பெயரைக்கூட விட்டுவைப்பேன். அவர் பெயரை மட்டும் சிவப்பு மையால் அடிப்பேன். ஒருமுறை அவரே அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்து, தன் பெயர் ஏன் வருவதில்லை என்று கேட்டார். குரல் உடனே அடையாளம் தெரிந்தது. "இட நெருக்கடி சார்" என்றேன். நான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. நான் ஓய்வு பெறும் நாள்வரை அந்தப் பெயர் என் பக்கத்தில் ஒருமுறைகூட வந்ததில்லை. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை என்று எழுதினால் பொய்.

மலருக்கு எழுதுகிறேன் என்று போன வாரம் அக்காவிடம் தொலைபேசியில் சொன்னேன். இப்போது அயப்பாக்கத்தில் மகனோடு இருக்கிறாள்.

"அந்தாளு இன்னும் கீறானா?" என்றாள்.

எண்பது வயது, நன்றாக இருக்கிறார் என்றேன்.

"இருந்துட்டுப் போவட்டும். ஆபீசரு வந்தாரே, அத்த எழுதினியா?"

எழுதுகிறேன் என்றேன். விழா முடிந்த நான்காம் நாள் ஆய்வாளர் பட்டறைக்குப் போனார். பதிவேட்டில் அந்த இரண்டு சொற்களையும் அடித்து, கூண்டு இல்லாததே காரணம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த திங்கட்கிழமை பிரஸ்ஸில் கூண்டை மாட்டினார்கள். அக்காவுக்கு ஆள் அனுப்பினார்கள்.

"பேக்கிங்ல போட்டாங்களே, அது?"

அதை எழுதவில்லை என்றேன்.

"எழுது" என்றாள்.

அக்காவைப் பேக்கிங் பகுதியில் போட்டார்கள். பட்டறை மூடும்வரை அங்கேதான் வேலை பார்த்தாள். அந்த மேசையைச் சுற்றி அக்காவோடு சேர்த்து ஏழு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் பத்து விரலும் இருந்தவர்கள் இரண்டு பேர்.